இறவாரத்தில் செருகிய கோல்

தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அதியமான் நெடுமான் அஞ்சி அங்கிருந்து ஆண்டான். ஔவையார் அவனுக்கு நண்பர், அவனைப் பாடிய புலவர், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர். சங்க இலக்கியத்தில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று புறநானூற்றின் 315ஆம் பாடல். அஞ்சியின் இயல்பைச் சொல்ல அதில் அவர் ஒரு வீட்டுப் பொருளை எடுத்துக்கொள்கிறார். அது தீக்கடைகோல். கூரை இறவாரத்தில் செருகிக் கிடக்கும்போது அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எடுத்துக் கடைந்தால் பெருந்தீ. அஞ்சிக்கு வெளியே தெரியாமல் இருக்கவும் தெரியும், வேண்டும்போது அந்தத் தீயைப்போலத் தெரியவும் தெரியும் என்கிறார்.

தற்காப்புக் கலை பயில்கிறவர்கள் உள்ளாற்றல் என்று எதைச் சொல்கிறார்களோ, அதற்கு இதைவிடத் தெளிவான பழைய விளக்கத்தை நான் தமிழில் படித்ததில்லை. வலிமை தோளின் திரட்சியில் தெரிய வேண்டியதில்லை, அது அடங்கிக் கிடக்கலாம், வேண்டிய நொடியில் வெளிப்படலாம் என்பது ஒரு பாதி. மறுபாதி அந்தக் கோலிலேயே இருக்கிறது. கடையாமல் தீ வராது. ஒரு கட்டையில் குழி செய்து, கோலை அதில் நிறுத்தி, உள்ளங்கைகளுக்கிடையே விடாமல் உருட்ட வேண்டும். கை சலித்து நிறுத்தினால் சூடு போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பயிற்சி என்பதும் இதுதான்.

இதைச் சொன்னவர் ஒரு பெண். சொல்லப்பட்டவன் ஒரு ஆண். உள்ளாற்றல் என்றால் என்ன என்று இவ்வளவு துல்லியமாக அறிந்திருந்த ஒரு மரபு, பெண்ணுடலுக்குக் கடைதலை ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. தருமபுரியில் இருந்துகொண்டு, இங்குள்ள கல்லூரிப் பெண்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, முப்பத்தெட்டு வயதுக்குமேல் சிலம்பம் கற்கப் போனவள் என்ற முறையில் இதைக் கேட்கிறேன்.

மூச்சும் இடுப்பும்

உள்ளாற்றல் என்ற சொல்லைச் சுற்றி நிறையப் புகைமூட்டம் உண்டு. தொடாமலே எதிராளியை வீழ்த்தும் ஆசான்கள், விரல் நுனியில் மின்சாரம் பாய்ச்சும் முனிவர்கள் என்று திரைப்படங்கள் காட்டியவற்றை விலக்கிவிட்டுப் பார்ப்போம். சீனர்கள் சீ என்பார்கள், ஜப்பானியர்கள் கீ என்பார்கள், நம் சித்தர் மரபு வாசி என்கிறது. நம் ஊர் வாத்தியார்கள் தம் என்று முடித்துக்கொள்வார்கள். "தம் கட்டு", "தம் விடாதே" என்பவை பயிற்சிக் களத்தில் ஒரு நாளைக்கு நூறு முறை காதில் விழும். எல்லாச் சொற்களும் மூச்சில் தொடங்குகின்றன.

திருமூலரின் திருமந்திரம், மூன்றாம் தந்திரத்தில், மூச்சுக்குக் கணக்கே தருகிறது. உள்ளிழுக்க 16 மாத்திரை, உள்ளே நிறுத்த 64, வெளிவிட 32. இது யோகத்தின் கணக்கு. சிலம்பத்தில் யாரும் மாத்திரை எண்ணுவதில்லை. ஆனால் ஓர் ஒழுங்கு உண்டு. கம்பு கீழே இறங்கும்போது மூச்சு வெளியேற வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தால் தோள் இறுகும், தோள் இறுகினால் கம்பின் வேகம் தோளோடு நின்றுவிடும்.

புருவம் வரை உயரமுள்ள மூங்கில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன்பு, வாரக்கணக்கில் காலடி வரிசைதான். முட்டி சற்று மடங்க, எடை இரண்டு பாதத்துக்கும் இடையே நடமாட, இடுப்பு தளர்ந்திருக்க நடப்பது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பிறகுதான் புரியும், அடி தொடங்குவது கையில் இல்லை, குதிகாலில் என்று. தரையை அழுத்தும் பாதம், திரும்பும் இடுப்பு, சுருங்கும் அடிவயிறு, தளர்ந்த தோள், கடைசியில் மணிக்கட்டு. இந்தத் தொடரில் எங்காவது ஒரு கண்ணி இறுகினால் விசை அங்கே செத்துவிடும். எங்கும் இறுகாமல் கடந்துபோனால், மெலிந்த ஒருத்தியின் கம்பும் காற்றைக் கிழிக்கும் ஓசை எழுப்பும். அந்தத் தொடரை உடலுக்குள் திறந்து வைப்பதுதான் உள்ளாற்றலை வளர்ப்பது. அதற்கு மந்திரம் கிடையாது. உதரவிதானம் கீழிறங்கி, அடிவயிறும் இடுப்புத்தளத் தசைகளும் அதைத் தாங்கும்போது உடலின் நடுப்பகுதி உறுதிப்படுகிறது. மூச்சை நீட்டி வெளிவிடும்போது நெஞ்சுத் துடிப்பு தணிகிறது, அச்சம் தணிகிறது. ஆயிரம் முறை செய்தபின் அது யோசிக்காமல் நடக்கிறது.

இப்போது நம்மை எப்படி வளர்த்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வயிற்றை எக்கி நில். காலைச் சேர்த்து உட்கார். தோளைக் குறுக்கு. சத்தமாக மூச்சு விடாதே. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டு. மேலே சொன்ன தொடரின் ஒவ்வொரு கண்ணியும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பூட்டப்படுகிறது. அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய ஒரு கட்டுரையில், பெண்பிள்ளைகள் பந்து எறியும்போது ஏன் கையை மட்டும் பயன்படுத்துகிறார்கள், ஏன் முழு உடலையும் எறிதலுக்குள் கொண்டுவருவதில்லை என்று கேட்டார். உடற்கூறு அதற்குக் காரணமில்லை என்பது அவர் முடிவு. தன் உடலைச் சுற்றியுள்ள வெளி தனக்குரியதில்லை என்று கற்பிக்கப்பட்ட உடல் அப்படித்தான் எறியும். கல்லூரி மைதானத்தில் முதல்முறை கம்பைப் பிடிக்கும் மாணவிகளிடம் நான் இதையே பார்க்கிறேன். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். கம்பு யார்மேலும் பட்டுவிடுமோ என்று சுற்றும்முற்றும் பார்ப்பார்கள், அருகில் யாருமே இல்லாதபோதும்.

அடக்கம் என்ற சொல்

தமிழ் மரபு பெண்ணுக்கு உள்ளாற்றலே இல்லை என்று சொல்லவில்லை. மாறாக, அளவுக்கு மீறிச் சொன்னது. பெண்ணிடம் அணங்கு உறைகிறது என்றது. கற்பு மழையைப் பெய்விக்கும், ஊரை எரிக்கும் என்றது. மதுரையை எரிக்கக் கண்ணகிக்குப் படை வேண்டியிருக்கவில்லை, இடது முலையைத் திருகி எறிந்தது போதுமாக இருந்தது. இதைவிடப் பெரிய ஆற்றலை எந்த வீரனுக்கு நம் இலக்கியம் கொடுத்திருக்கிறது?

ஆனால் அந்த ஆற்றல் எப்படி வந்தது என்று பாருங்கள். அதைக் கண்ணகி பயிலவில்லை. யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. அவளால் அதைச் சிறிதளவு பயன்படுத்திப் பார்க்கவோ, கூட்டவோ குறைக்கவோ முடியாது. கணவன் பிரிந்திருந்த காலத்தில் அவள் எதைச் செய்யாமல் இருந்தாளோ அதிலிருந்து அது சேர்ந்தது. எல்லாம் இழந்தபின், ஒரே ஒருமுறை, அவளையும் சேர்த்து அழித்துக்கொண்டு வெளிப்பட்டது. பிறகு அவள் தெய்வமானாள். பெண்ணாக வாழ அவளுக்கு இடமில்லை.

பிறப்பிலேயே வந்ததாகச் சொல்லப்படும் ஆற்றலை ஒருத்தி தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதைக் குடும்பம் காவல் காக்கும், குலம் சொந்தம் கொண்டாடும். கெட்டுப்போகாமல் வைத்திருக்க வேண்டிய பண்டமாக அது மாறும். பயிற்சியால் வந்த ஆற்றலுக்கு இந்தத் தொல்லை இல்லை. நேற்று இருபது முறை சுற்ற முடிந்தது, இன்று இருபத்தைந்து. அந்த ஐந்து என்னுடையது.

அடக்கம் என்ற ஒரு சொல்லில் இந்த இரண்டு கல்வியும் ஒளிந்திருக்கின்றன. வீரனுக்கு அடக்கம் என்றால் மூச்சை அடக்குவது, சினத்தை அடக்குவது, பாயும்முன் புலி பதுங்குவது. அதற்குள் ஒரு வினை காத்திருக்கிறது. பெண்ணுக்கு அடக்கம் என்றால் குரலை அடக்குவது, நடையை அடக்குவது, அடங்கியே இருப்பது. அதற்குப் பின்னால் எந்த வினையும் இல்லை. உயிர் போனபின் செய்வதற்கும் நாம் நல்லடக்கம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். ஔவையாரின் கோல் இறவாரத்தில் கிடந்தது, எடுத்துக் கடைவதற்காக. நம்மில் பலரை இறவாரத்தில் செருகிவிட்டு எடுக்க மறந்துபோனார்கள்.

கல்லில் யார் இருக்கிறார்கள்

தருமபுரி மண் நடுகற்களின் மண். மாவட்டத்தின் வயல்வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் அவை நிற்கின்றன. பலவற்றைத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆநிரை கவர வந்தவர்களோடும் புலியோடும் பொருது இறந்தவர்களுக்கு எடுத்த கற்கள். வில்லை நாணேற்றிய கை, ஓங்கிய வாள், முன்வைத்த கால், மடங்கிய முட்டி. சிலம்பம் படிக்கும் மாணவிகளை அங்கே அழைத்துப் போனால் முதலில் காலைத்தான் பார்க்கிறார்கள். "மேம், எடை எல்லாம் பின்னங்கால்ல இருக்கு" என்றாள் ஒருத்தி. சிற்பி நிலையை அறிந்தவன்.

அந்தக் கற்களில் பெண்கள் இல்லாமலில்லை. வீரனை விண்ணுலகுக்குத் தூக்கிச் செல்லும் அரம்பையராக இருக்கிறார்கள். கணவனோடு தீப்பாய்ந்தவர்களாகக் கையை உயர்த்தி நிற்கிறார்கள். பொருதவளாக ஒருத்தியை இந்த வட்டாரத்தில் நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பகுதியில், எடுத்தனூர் நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்டது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கான கல். அவனோடு நின்று திருடர்களைக் கடித்த நாய்க்கும் அதில் உருவம் உண்டு. கோவிவன் என்று அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் நன்றிக்கு நான் எதிரியில்லை. அதன் பெயரைப் பதிமூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காப்பாற்றிய மரபு, அந்த எருமைகளைக் கறந்த பெண்களில் ஒருத்தியின் பெயரைக்கூட வைத்திருக்கவில்லை.

புறநானூற்றில் பெண்புலவர்கள் வீரத்தைப் பாடியிருக்கிறார்கள். ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் பெண், தந்தையையும் கணவனையும் போருக்குக் கொடுத்தபின், இருக்கும் ஒரே மகனுக்கும் தலைசீவி வேல் கொடுத்து அனுப்புகிறாள். பொன்முடியார் பாட்டில் பெற்று வளர்ப்பது தாயின் கடன், வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடன். இந்தப் பாடல்களின் துறைக்கு மூதின்முல்லை என்று பெயர். அதில் பெண்ணுக்கு நெஞ்சுரம் முழுமையாக உண்டு. ஆனால் அந்த உரம் செல்லும் வழி மகனின் கை. அவளுடைய கைக்கு வேல் வருவது, இன்னொரு கைக்கு மாற்றுவதற்காக மட்டும்.

கம்பு இடித்த கை

அப்படியானால் பெண்ணுடல் பயிற்சியே இல்லாமல் கிடந்ததா? இல்லை. வரலாறு தேடும் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தருமபுரி மழை குறைந்த மேட்டு நிலம். ராகியும் சாமையும் தினையும் கம்பும் விளைந்த ஊர்கள். ஆலைகள் வருவதற்கு முன்பு இந்தத் தானியங்களை உமி நீக்கியது உலக்கை. ஒரு உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்கள். ஒருத்தியின் உலக்கை ஏறும்போது மற்றவளுடையது இறங்கும். கணம் பிசகினால் உலக்கைகள் மோதும், கை போகும். உலக்கையைக் கையால் மட்டும் தூக்குகிறவள் கால்மணி நேரத்தில் சோர்ந்துவிடுவாள். முட்டியும் இடுப்பும் சேர்ந்து தூக்க வேண்டும், இறங்கும்போது அதன் எடையிலேயே விட வேண்டும், விடும்போது மூச்சும் ஓசையோடு வெளியேற வேண்டும். அந்த ஓசையைப் பாட்டாக்கினார்கள். அதுதான் வள்ளைப்பாட்டு. சிலப்பதிகாரம் வரை அது வந்திருக்கிறது. இலக்கிய வகுப்பில் அதை ஒரு பாட்டு வகை என்று நடத்துகிறோம். அது மூச்சுப் பயிற்சியும்கூட. கூட்டாக மூச்சைச் சீராக்கிக்கொள்ளும் முறை.

சிலம்ப வாத்தியார் காலடியில் சொல்லித்தரும் எல்லாம் அங்கே இருக்கின்றன. எடை மாற்றம், இடுப்பு, தளர்ந்த தோள், அடியோடு விடும் மூச்சு, எதிரே இருப்பவரின் தாளத்தை உடலால் படித்தல். நீர்க்குடத்தை இடுப்பிலும் தலையிலும் வைத்துக்கொண்டு பாறைமேட்டில் ஏறியவளுக்கு யாரும் சமநிலை சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழில் தானியத்துக்கும் கம்பு என்று பெயர், தடிக்கும் கம்பு என்று பெயர். கம்பு இடித்த கைக்குக் கம்பு சுற்றத் தரவில்லை, அவ்வளவுதான். ஒரே உடலறிவை ஒரு பக்கம் வேலை என்றார்கள், இன்னொரு பக்கம் கலை என்றார்கள். வேலைக்கு ஆசான் பட்டம் கிடையாது, வரிசைகளுக்குப் பெயர் கிடையாது, ஊர் கூடிப் பார்ப்பது கிடையாது.

உழைப்பைப் புனிதப்படுத்த இதைச் சொல்லவில்லை. உலக்கை பெண்ணின் முதுகை முறித்தது. தன் ஆற்றலை அவள் தனக்காகச் செலவிட அது ஒரு நாழிகையும் விடவில்லை. பயிற்சிக்கும் உழைப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பயிற்சியின் முடிவில் ஆற்றல் பயின்றவளிடம் மிஞ்சுகிறது. உழைப்பின் முடிவில் மாவு மிஞ்சுகிறது.

காட்டுப் பெண்ணும் களரிப் பெண்ணும்

தமிழுக்கு வெளியே சற்று போய் வருவோம். சீனாவில் கி.பி. முதல் நூற்றாண்டில் சாவ் யே என்பவர் தொகுத்த வூ, யுவே நாடுகளின் வரலாற்றில் ஒரு கதை வருகிறது. யுவே நாட்டு மன்னன் கோச்சியென் தன் படைக்கு வாட்பயிற்சி அளிக்க ஆள் தேடுகிறான். தெற்குக் காட்டில் ஒரு பெண் இருப்பதாக அமைச்சன் சொல்கிறான். அரண்மனைக்கு வரும் வழியில் முதியவர் ஒருவர் அவளை மூங்கில் கழியால் சோதிக்கிறார். அவள் மூங்கிலாலேயே எதிர்கொள்கிறாள். முதியவர் வெண்குரங்காகி மரமேறிவிடுகிறார். மன்னன் அவளிடம் வாளின் நெறியைக் கேட்கிறான். யாரிடமும் கற்கவில்லை, காட்டில் தனியே விடாமல் பயின்றேன் என்கிறாள். உள்ளே உரத்தை நிறைத்து வெளியே அமைதியாகத் தோன்ற வேண்டும், பார்வைக்குச் சாதுவான பெண்ணாக, பாய்ந்தால் புலியாக இருக்க வேண்டும் என்று விளக்குகிறாள்.

ஔவையாரின் கோல் நினைவுக்கு வருகிறதல்லவா? சீனத் தற்காப்புக் கலையில் உள்முறை, வெளிமுறை என்று பள்ளிகளைப் பிரித்து எழுதியது மிகப் பிற்காலத்தில்தான். 1669இல் ஹுவாங் சோங்சி எழுதிய ஒரு கல்லறை வாசகத்தில் அந்தப் பிரிவு தெளிவாக வருகிறது. அதற்குப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே உள்ளாற்றலின் இலக்கணம் ஒரு பெண்ணின் வாயால் சொல்லப்பட்டிருக்கிறது. அது கதைதான். எழுதியவர் ஆண்தான். அவளுக்குப் பெயரும் இல்லை, யுவே நாட்டுப் பெண் என்பதோடு சரி. இருந்தாலும், இந்த அறிவைச் சொல்லக் கதைக்கு ஒரு பெண் தேவைப்பட்டிருக்கிறாள். வெறும் தசைவலிமையை நம்ப முடியாத உடலே வேறு வழியைக் கண்டுபிடிக்கும் என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருக்கிறது.

நமக்கு அருகில் கேரளத்தின் வடக்கன் பாட்டுகளில் உண்ணியார்ச்சை இருக்கிறாள். அல்லிமலர்க்காவில் கூத்துப் பார்க்கப் போகிறாள். வழியில் ஆண்கள் மறிக்கிறார்கள். கூட வந்த கணவன் நடுங்க, அவள் உருமியைச் சுழற்றுகிறாள். நாட்டுக்காகவோ மகனுக்காகவோ அவள் பொரவில்லை. கூத்துப் பார்க்கப் போகும் உரிமைக்காகப் பொருதாள். எனக்கு அவளைப் பிடிப்பதற்கு இதுவே காரணம்.

களரியில் சிறுமிகளும் பயின்றார்கள். ஆனால் பூப்படைந்ததும் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா அந்த எல்லையைத் தாண்டியவர். சிறுவயதில் தொடங்கி, பூப்புக்குப் பிறகும் தொடர்ந்து, முதுமையிலும் கடத்தநாடன் களரிச் சங்கத்தில் கற்பித்து, 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் கணவர் ராகவன் குருக்கள் 1949இல் அந்தக் களரியைத் தொடங்கியதற்குப் பின்னால் சாதி மறுப்பின் கதை உண்டு. தீயர் சமூகத்தவர் என்பதால் அவருக்குக் களரியில் இடம் மறுக்கப்பட்டது. களத்தின் வாசலில் சாதியும் பாலினமும் சேர்ந்தே நிற்கும். ஒன்றை எதிர்த்துத் திறந்த கதவு இன்னொன்றுக்கும் திறந்தது.

தெற்கே குமரிப் பகுதியில் வர்மக்கலை ஆசான்கள் 108 வர்மப் புள்ளிகளைச் சொல்வார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிக்கவும் ஆற்றவும் ஒரே அறிவு. ஆனால் அந்த அறிவு பெரும்பாலும் ஆசானிடமிருந்து மகனுக்கோ ஆண்சீடனுக்கோதான் கைமாறியது. பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் விரலுக்கும் உடலின் புள்ளிகள் தெரியும். அவள் அறிவுக்கு ஏடு எழுதப்படவில்லை.

கம்பு பண்டிகைக்குப் போனது

ஆங்கிலேயர் வந்தபின் ஆண்களின் கம்புக்கும் வேலை குறைந்தது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கும்பினியிடம் வந்தது. தருமபுரி அதில் அடக்கம். அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். தெற்கே பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801இல், ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிக் கும்பினி அறிக்கை விட்டது. 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. மக்களின் கையில் மிஞ்சியது மூங்கில். சிலம்பம் மாரியம்மன் பண்டிகைக்கும் சாமி ஊர்வலத்துக்கும் உரிய ஆட்டமாகத் தங்கியது. அம்மனுக்கு முன்னால் ஆண்கள் கம்பு சுற்றினார்கள். அம்மனின் கையில் சூலம் இருந்தது. பெண்கள் மாவிளக்கு எடுத்தார்கள்.

இந்த இடத்தில் வேலுநாச்சியாரை நினைவூட்டுவார்கள். 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்து, 1780இல் சிவகங்கையை மீட்டவர். மேடையில் அவர் பெயரைச் சொல்லாத சிலம்பப் போட்டியே இல்லை. அரசியாகப் பிறந்த ஒருத்திக்குப் பயிற்சி கிடைத்தது என்பது மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதற்கும் சான்றுதான். அவரைச் சிலையாக்கி வணங்குவது எளிது. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை மாலை ஆறரை மணிக்குப் பயிற்சிக்கு அனுப்புவது கடினம்.

பயிற்சி எதற்கு

இன்று நிலைமை மாறிவருகிறது. தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்புக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. தருமபுரியில் விடுமுறை நாள் காலையில் பள்ளி மைதானங்களில் பெண்பிள்ளைகளைக் கம்போடு பார்க்கிறேன். மனம் நிறைகிறது.

ஆனால் இந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் மேடைப் பேச்சாளர்களிடமும் ஏன் கற்க வேண்டும் என்று கேட்டால் ஒரே பதில்தான். "பொம்பளப் புள்ளைக்குத் தற்காப்பு வேணும்." இந்தப் பதிலை நான் ஐயத்தோடு பார்க்கிறேன். தருமபுரியில் இருப்பவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும்.

இந்த மாவட்டத்தில், அரூர் அருகே, வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனமரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. சீருடையோடு வந்த அந்தக் கூட்டத்தின் முன் எந்தக் கம்பு என்ன செய்திருக்கும்? தற்காப்பு தெரிந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று சொல்வது, குற்றத்தின் பாரத்தைக் குற்றம் செய்யப்பட்டவளின் தோளில் ஏற்றுவது. இதே மாவட்டத்தில்தான், பெண்சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறந்த குழந்தை எந்தக் காலடி வரிசையால் தன்னைக் காத்துக்கொள்ளும்? பெண்ணைக் காப்பது சட்டத்தின் வேலை, அரசின் வேலை, ஆண்களின் ஒழுக்கத்தின் வேலை. அதைப் பத்து வயதுச் சிறுமியின் மணிக்கட்டில் கட்டிவிட வேண்டாம்.

வாச்சாத்திப் பெண்கள் செய்தது வேறொன்று. பத்தொன்பது ஆண்டுகள், ஊர் மாறி ஊர், நீதிமன்றத்தில் நின்று, குற்றவாளிகளை நேருக்கு நேர் அடையாளம் காட்டினார்கள். அதற்கு வேண்டிய உள்ளாற்றல் பிறப்பில் வந்ததில்லை, கற்பில் வந்ததும் இல்லை. ஒருவர் தளரும்போது இன்னொருவர் தாங்கி, இயக்கங்கள் துணைநின்று, திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி அந்தக் குரல் உறுதிப்பட்டது. கடைதல் அதுவும்தான். 1913இல் லண்டனில் வாக்குரிமை கேட்ட பெண்கள் எடித் கேரட்டிடம் ஜூஜுட்சு கற்று, தங்கள் தலைவர்களைக் கைதாகாமல் காக்கும் ஒரு குழுவாக நின்றார்கள். அங்கேயும் பயிற்சி ஒருத்தியைத் தனியே காக்கவில்லை, ஒரு கோரிக்கையைக் காத்தது.

அப்படியானால் எதற்காகக் கற்க வேண்டும்? என்னிடம் உள்ள பதில் சிறியது. என் மூச்சு என்னுடையது என்று என் உடலுக்குத் தெரிய வேண்டும், அதற்காக. பயிற்சி தொடங்கிய நான்காம் மாதத்தில், கூட்டமான பேருந்தில் நிற்கும்போது நான் இரண்டு பாதங்களிலும் எடையைப் பரப்பி, முட்டியைத் தளர்த்தி நிற்பதைக் கவனித்தேன். யாரும் என்னை இடிக்கவில்லை, நானும் யாரையும் இடிக்கவில்லை. எனக்குரிய இடத்தில் நின்றேன். துறைக் கூட்டங்களில் என் குரல் அடிவயிற்றிலிருந்து வரத் தொடங்கியது. கவிதை வாசிக்கும்போது அடிகளின் நீளம் மாறியது. மூச்சு நீண்டால் அடியும் நீளும்.

என் மாணவிகளில் சிலம்பம் தொடங்கியவர்கள் பலர். தொடர்கிறவர்கள் சிலர். நிறுத்தியவர்களிடம் காரணம் கேட்டால் பட்டியல் ஒன்றேதான். வயசுக்கு வந்தது, மாதவிலக்கு நாள்கள், பேன்ட் போடுவதா என்ற கேள்வி, இருட்டிவிடுகிறது, பெண்பார்க்க வருகிறவர்கள் கை காய்ப்பைப் பார்ப்பார்களாம். பன்னிரண்டு வயது வரை பெண்பிள்ளைக்குக் கம்பைக் கொடுப்பதில் இன்று யாருக்கும் தயக்கமில்லை. அழகாக இருக்கிறது, படம் எடுக்கிறார்கள். உள்ளாற்றல் என்பது அதற்குப் பிறகு, எடை கூடி, இடுப்பு அகன்று, குருதி கண்டு, அந்தப் புதிய உடலோடு மறுபடி காலடி வைக்கும்போதுதான் வளரத் தொடங்குகிறது. சரியாக அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை பெரிய தத்துவங்கள் இல்லை. பள்ளி மைதானத்தில் விளக்கு. உடை மாற்ற ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை. பெண் பயிற்சியாளர்கள், அவர்களுக்கு மாதச் சம்பளம். பூப்புக்குப் பிறகும், திருமணத்துக்குப் பிறகும், பேறுகாலத்துக்குப் பிறகும் திரும்பி வர ஒரு களம். போன மாதம் எங்கள் பயிற்சிக்கு ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண் வந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர். முதல் நாளே காலடியை எங்களைவிட நன்றாக வைத்தார். கம்பைக் கொடுத்ததும் கையில் எடை பார்த்துவிட்டு, "இத்தன லேசா இருக்குமா இது" என்று கேட்டார்.